என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

2016 மார்ச் மாதம். எங்கள் நிறுவனம் ஹைதராபாத்தில் ஒரு புதிய பிரிவு தொடங்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. மும்பையிலிருந்து ஒருவர் போய் நான்கு மாதம் தங்கி, ஆள் எடுத்து, வேலை சொல்லிக்கொடுத்து, எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு திரும்பி வர வேண்டும். ஐந்து வருடமாக நான் செய்துகொண்டிருந்த வேலைதான் அது. எங்கள் குழுவில் அதன் உள்ளும் புறமும் என்னைப்போல் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மின்னஞ்சல் வந்தது. போகப்போவது எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்த பையன்.

மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் குரலை உயர்த்தவோ மழுப்பவோ இல்லை. "உனக்குக் கைக்குழந்தை இருக்கேம்மா. நாலு மாசம் எப்படிப் போவே? உன்னைச் சங்கடப்படுத்த வேண்டாம்னுதான் கேக்கலை" என்றார். உண்மையாகவே அக்கறையாகச் சொன்னார். என் மகள் பிறந்தபோது மழையில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து வெள்ளிக் கொலுசு கொடுத்துவிட்டுப் போன மனிதர் அவர். நான் "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

கேட்டிருந்தால் போயிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். ஒருவேளை மறுத்திருப்பேன். ஒருவேளை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். பத்து நாள் அங்கே, பத்து நாள் இங்கே என்று ஒரு வழி கேட்டிருப்பேன். அந்த யோசனையெல்லாம் என் வீட்டில் நடந்திருக்க வேண்டியது. நடக்கவே இல்லை. ஒருவர் தன் மேசையில் உட்கார்ந்து எனக்காக யோசித்து முடித்துவிட்டார். ஹைதராபாத் போன பையன் 2018இல் பதவி உயர்வு பெற்றான். அவன் நன்றாக வேலை செய்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அது கிடைக்க 2021 ஆனது.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று கேட்டால், கொடுமைக்கார முதலாளியையும் வேலையைவிட்டுத் தூக்குவதையும்தான் பலர் நினைப்பார்கள். அதுவும் நடக்கிறது. ஆனால் என் பதினைந்து வருட அனுபவத்தில் அதிகம் பார்த்தது இந்தக் கரிசனத்தைத்தான். பாவம், குழந்தை சின்னது, அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விடுவார்கள். அப்புறம் ஒரு பயணம். அப்புறம் ஒரு புதிய வேலை. இரண்டு வருடம் கழித்துப் பதவி உயர்வுக்குப் பட்டியல் போடும்போது, "இவங்க பெருசா எதுவும் எடுத்துச் செய்யலையே" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும்.

ஊர் அம்பாசமுத்திரம். கல்யாணமாகி 2011இல் மும்பை வந்தேன். வீடு முலுண்டில். வேலை பிகேசி என்று எல்லோரும் சொல்லும் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் ஒரு நிதி நிறுவனத்தில். முலுண்டிலிருந்து குர்லா வரை ரயில், அங்கிருந்து பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. தூரம் பார்த்தால் ஒன்றுமே இல்லை. நேரம் பார்த்தால் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றரை மணி. இந்த ஊரில் ஒரு தாயின் வேலை நாளை அலுவலக நேரத்தை வைத்துக் கணக்கிட முடியாது. வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவுவரை கணக்கிட வேண்டும்.

மகள் பிறந்தது 2015 ஜூனில். அப்போது சட்டப்படி மகப்பேறு விடுப்பு 12 வாரம். பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம் போய்விட்டதால், குழந்தைக்குப் பத்து வாரம் ஆகும்போது நான் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டாக்டரும் அதையே சொல்லி அனுப்பினார். அந்த இரண்டரை மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் என்ன செய்வது என்பதை யாரும் சொல்லவில்லை.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் வசம்பும் சுக்கும் வாங்கி வந்து வைத்திருந்தார். நான் வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், "பச்சைப் பிள்ளைய விட்டுட்டு எப்படிம்மா போவே" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. அந்த ஒரு தடவையே போதுமானதாக இருந்தது.

அலுவலகத்தில் பால் எடுக்க இடம் கிடையாது. பழைய கோப்புகள் வைக்கும் அறையின் சாவியை வாங்கி, உள்ளே தாழ்ப்பாள் இல்லாததால் நாற்காலியைக் கதவில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்து எடுத்தேன். எடுத்த பாலை ஐஸ் பேக் வைத்த சின்னப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவேன். எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருந்தால்தான் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும். மும்பை வெயிலிலும் ரயில் நெரிசலிலும் அந்தக் கணக்கு நிற்காது. அதனால் ஐஸ் பேக் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று அலுவலக ஃப்ரீசரில் எப்போதும் இருக்கட்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக ஒரு நாளைக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை பெண்ணுக்கு உண்டு என்று சட்டத்தில் இருந்தது. அது பல ஆண்டுகளாக இருக்கும் விதி. எனக்கு அப்போது தெரியாது. ஒவ்வொரு தடவையும் திருட்டுத்தனமாகப் போவதுபோல் போய்வந்தேன். தெரிந்திருந்தால் தலை நிமிர்ந்து போயிருப்பேன்.

2017 ஏப்ரல் 1 முதல் சட்டம் மாறியது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் அங்கே வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். விடுப்பு முடிந்த பிறகும், வேலையின் தன்மை இடம்கொடுத்தால் இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம். இந்தச் சலுகைகளைப் பெண்ணுக்கு வேலையில் சேரும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் நியமனக் கடிதத்தோடு வந்த தாள்களை எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள்.

இந்தச் சட்டம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டின் வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளம் முழுவதையும் நிறுவனமே தன் கையிலிருந்து தர வேண்டும். தந்தைக்கோ தனியார் வேலையில் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள். ஆக, ஆளெடுக்க உட்காருபவரின் மனதில் செலவு என்பது பெண்ணின் பெயருக்கு எதிரே மட்டும் விழுகிறது. அந்த நினைப்பு எங்கேயும் எழுதப்படுவதில்லை, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பட்டியல் போடும் அறையில் அது உட்கார்ந்திருக்கிறது என்பதை நான் இப்போது அந்த அறைக்குள் போகும்போது பார்க்கிறேன்.

மகளுக்கு ஆறு மாதம் ஆனதும் அம்மா ஊருக்குப் போய்விட்டார். அதன்பிறகு எங்களுக்குக் கைகொடுத்தது பாளணாகர். மும்பையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மராத்திக் குடும்பப் பெண்கள் தங்கள் வீட்டிலேயே ஐந்தாறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் தரைத்தளத்தில் ஒரு மௌஷி (மராத்தியில் சித்தி) நடத்தினார். பளபளப்பான காப்பகங்கள் முலுண்டில் இருந்தன. கேமரா, ஏசி, வர்ணம் பூசிய சுவர் எல்லாம் உண்டு. ஆனால் ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள், தாமதத்துக்கு அபராதம். மௌஷியின் வீட்டில் அந்தக் கேள்வியே இல்லை. நான் அங்கே பார்த்தது மூன்று விஷயம்: குழந்தைகளின் தட்டும் டம்ளரும் எப்படிக் கழுவப்படுகிறது, மதியம் சொல்லாமல் போனால் கதவைத் திறப்பவர் முகம் எப்படி இருக்கிறது, மௌஷிக்கு உடம்பு சரியில்லாத நாளில் யார் வருவார். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

அந்த மௌஷியின் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது 2017 ஆகஸ்ட் 29 அன்று. பிள்ளையார் சதுர்த்தி தொடங்கி ஐந்தாம் நாள். காலையில் சாதாரண மழை என்றுதான் கிளம்பினேன். மதியத்துக்குப் பிறகு குர்லா, சயான் பக்கம் தண்டவாளம் தண்ணீருக்குள் போய், ரயில்கள் நின்றுவிட்டன. பிகேசி மிட்டி ஆற்றின் கரையில் இருக்கும் இடம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய மழையைப் பார்த்தவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். அவர்கள் யாரையும் வெளியே விடவில்லை. கணவர் அந்தேரியில் மாட்டிக்கொண்டார். எங்கள் இருவரையும் விட்டால் வீட்டில் வேறு யாருமில்லை. இரண்டு வயது மகள் மௌஷியிடம்.

நாலரை மணிக்கு மௌஷியின் போன். "நீ கிளம்பி வராதே தாயி, தண்ணியில மேன்ஹோல் தெரியாது. பிள்ளைங்க எல்லாம் இங்கயே தூங்கட்டும்" என்றார் இந்தியும் மராத்தியும் கலந்து. அவர் வீட்டில் அன்றுதான் கணபதியைக் கரைக்கும் நாள். வீடு முழுக்க உறவினர். அதற்கு நடுவில் நான்கு குழந்தைகளுக்கு வரண் பாத் என்ற பருப்புச் சாதம் ஊட்டி, தன் படுக்கையில் படுக்க வைத்தார். நான் அலுவலகத்தில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தபடி விடிய விடிய விழித்திருந்தேன். அடுத்த நாள் வீடு வந்தபோது மகள் என்னைப் பார்த்து ஓடி வரவில்லை. மௌஷியின் மடியிலேயே உட்கார்ந்து மோதகம் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. இவள் பத்திரமாக இருந்திருக்கிறாள், என்னைத் தேடாத அளவுக்குப் பத்திரமாக இருந்திருக்கிறாள் என்ற நிம்மதியில் வந்த அழுகை அது. அதில் கொஞ்சம் வலியும் இருந்தது.

அன்றைக்குப் பிறகு நாங்கள் ஒரு வேலை செய்தோம். பத்து நிமிடத்தில் நடந்தே மகளிடம் போகக்கூடிய மூன்று பேரின் பெயரை ஒரு தாளில் எழுதி மௌஷி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டினோம். எதிர் கட்டடத்தில் இருந்த ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் மாமி ஒருவர், மகள் தோழியின் அம்மா ஒருவர், எங்கள் மாடியில் இருக்கும் குஜராத்திக் குடும்பம். மூவருக்கும் மகளைத் தெரியும், மகளுக்கும் அவர்களைத் தெரியும். அவர்களின் அவசரத்துக்கு நாங்களும் போவோம். டீச்சர் மாமியின் கண் ஆபரேஷனுக்கு என் கணவர்தான் கூடப் போனார். பெரிய நகரத்தில் சொந்தபந்தம் இல்லாமல் பிள்ளை வளர்ப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். மழைக்காலம் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

இரண்டாவதாக மகன் பிறந்தது 2018 நவம்பரில். இந்த முறை 26 வாரம் கிடைத்தது. இந்த முறை நான் தயாராகவும் இருந்தேன். விடுப்புக்குப் போவதற்கு ஆறு வாரம் முன்பே மேலாளரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்தேன். ஹைதராபாத் விஷயத்தை முதல் தடவையாக அவரிடம் பேசினேன். இரண்டரை வருடம் மனதில் வைத்திருந்தது. "நீங்க நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சீங்க சார். ஆனா என்னைக் கேட்டிருக்கணும். முடியாதுன்னா நான் சொல்லிக்கறேன். இனிமே எதுவா இருந்தாலும் என் பேரை முதல்ல போடுங்க, வேண்டாம்னு சொல்ற உரிமையை எனக்கு விட்டுடுங்க" என்றேன். இதைக் கண்ணாடி முன் நின்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்குத் தோணவே இல்லம்மா" என்றார். அன்று பேசியதைச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சலாக அவருக்கு அனுப்பினேன். மேலாளர்கள் மாறுவார்கள். பேசியது காற்றோடு போகும், மின்னஞ்சல் இருக்கும்.

இன்னொன்றும் செய்தேன். ஏப்ரல் முதல் அக்டோபர்வரை நான் செய்து முடித்த வேலைகளை எண்களோடு எழுதி, விடுப்புக்கு முன்பே எச்.ஆருக்கும் மேலாளருக்கும் கொடுத்தேன். ஆண்டு மதிப்பீடு வருவது மார்ச்சில். அப்போது நான் வீட்டில் இருப்பேன். இல்லாத ஆளின் வேலையை யாரும் தேடி எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

அப்படியும் வந்தது நடுத்தர மதிப்பெண்தான். எச்.ஆரில் கேட்டபோது, "வருடம் முழுக்க வேலை செய்தவர்களோடு ஒப்பிட வேண்டியிருக்கிறதே" என்றார்கள். நான் விடவில்லை. ஏழு மாத வேலையை ஏழு மாத இலக்கோடு வைத்துப் பாருங்கள், பன்னிரண்டு மாத இலக்கோடு வைக்காதீர்கள் என்று எழுதிக் கேட்டேன். மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணின் வேலை நிபந்தனைகளை அவளுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. மதிப்பெண்ணைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை, அதனால் அதைக் காட்டிச் சண்டை போட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நியாயமான ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வருகிறது. மூன்று வாரம் கழித்து மதிப்பெண்ணை ஒரு படி உயர்த்தினார்கள். அந்த ஆண்டுப் பதவி உயர்வுப் பட்டியல் அதற்குள் முடிந்துபோயிருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து, நீண்ட விடுப்பில் போனவர்களுக்கு வேலை செய்த மாதங்களை மட்டும் கணக்கில் எடுப்பது என்று எங்கள் அலுவலகத்தில் விதியே வந்தது. எனக்குப் பின்னால் விடுப்புப் போன நான்கு பெண்களுக்கு அது பயன்பட்டது.

காப்பகம் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் நிறுவனம் சட்டப்படி அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காப்பகத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தது. நல்ல இடம். ஆனால் காலை எட்டரை மணிக்கு முலுண்டிலிருந்து கைக்குழந்தையோடு லேடீஸ் டப்பா என்ற பெண்கள் பெட்டியில் ஏறி, குர்லா மேம்பாலத்தில் அந்தக் கூட்டத்தில் இறங்க முடியுமா? பாண்டுப், காஞ்சூர்மார்க், விக்ரோலி, காட்கோபர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இன்னும் இருபது பேர் ஏறும் பெட்டி அது. அங்கே குழந்தைகளை விட்டவர்கள் காரில் வருகிறவர்கள் மட்டும்தான். நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து, அதே பணத்தை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இடத்துக்குத் தர முடியுமா என்று கேட்டோம். பாதித் தொகைக்குச் சம்மதித்தார்கள். தனியாகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

அந்த லேடீஸ் டப்பாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பெண்களுக்கு மட்டுமான முழு ரயில் சர்ச்கேட்டுக்கும் போரிவிலிக்கும் இடையே 1992 மே 5 அன்று ஓட ஆரம்பித்தது என்று ஒரு மூத்த அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். பட்டாணி உரித்துக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் வருவோம். எந்த டாக்டர் மாலை எட்டு மணிக்கு மேலும் பார்ப்பார், எந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் சனிக்கிழமை வைக்கிறார்கள் எல்லாம் அங்கேதான் தெரியும். வேலையை விடப் போகிறேன் என்று ஒரு தடவை நான் அழுதபோது அந்த அக்கா கேட்டார்: "மௌஷிக்குக் கொடுக்குற பணத்தை யார் சம்பளத்துல கழிக்கிற?" என் சம்பளத்தில்தான் கழித்துக்கொண்டிருந்தேன். மௌஷி, வேலைக்கு வரும் பாயி, ரயில் பாஸ், அவசரத்துக்கு வாங்கும் சாப்பாடு எல்லாம் போக எனக்கு மிஞ்சுவது கொஞ்சம்தானே, இதற்கா இவ்வளவு பாடு என்பது என் கணக்கு. பிள்ளை இரண்டு பேருக்கும்தானே, செலவை மட்டும் ஏன் ஒருத்தி சம்பளத்தில் எழுதுகிறாய் என்றார் அவர். அதோடு நான் கழித்தது இன்றைய சம்பளத்தை. பத்து வருடம் கழித்து வரக்கூடிய சம்பளத்தையும், சேரும் பி.எஃப்.பையும் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஓய்வூதியத் திட்டத்தில் பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. இடைவெளி விட்டு வேலைக்குத் திரும்ப நினைப்பவர்கள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடாமல், சேவைக்காலத்துக்குச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அதே அக்கா பொதுத்துறை வங்கியில் அதிகாரி. பதவி உயர்வோடு ஊர் மாற்றமும் வரும் என்பதால் பன்னிரண்டு வருடம் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அவரைவிடப் பின்னால் வந்தவர்கள் அவருக்கு மேலதிகாரிகள் ஆனார்கள். "எனக்கு வருத்தமில்ல" என்றுதான் எப்போதும் சொல்வார். ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் ரயிலில், "ஒரு தடவையாவது எழுதிப் பாத்திருக்கலாம்" என்றார். அப்போது விக்ரோலி தாண்டிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லாமல் இது முழுமையாகாது. என் கணவர் நல்லவர், எதைச் சொன்னாலும் செய்வார். அந்தச் 'சொன்னால்' என்பதில்தான் இருந்தது சிக்கல். 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. அந்தக் கணக்கிலும் வராத ஒன்று உண்டு. நினைவு வைத்துக்கொள்ளும் வேலை. தடுப்பூசி தேதி, பள்ளிச் சீருடை அளவு, பால் தீர்ந்தது, பாயி நாளைக்கு லீவு. இதையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினோம். 43 வேலை வந்தது. அவர் திகைத்துப்போனார். உதவி செய்யறேன் என்று சொல்லாதீர்கள், ஒரு வேலையை எடுத்தால் ஆரம்பம் முதல் முடிவுவரை உங்களுடையது, நான் ஞாபகப்படுத்த மாட்டேன் என்றேன். மருத்துவம் முழுவதும் அவர் பக்கம் போனது. பள்ளியின் வாட்ஸப் குழுவில் அம்மாக்கள் மட்டுமே இருந்தார்கள். என் எண்ணை எடுத்துவிட்டு அவர் எண்ணைச் சேர்க்கச் சொன்னோம். முதல் வாரம் டீச்சர் எனக்கே போன் செய்து, "அப்பாவுக்குப் போட்டா பரவாயில்லையா?" என்று கேட்டார். மகனின் ஒரு தடுப்பூசி பத்து நாள் தள்ளிப்போனது. எனக்குத் தெரியும், தேதி கடந்ததும் வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அது தள்ளிப்போனால் ஆபத்தில்லை என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேசாமல் இருந்தேன். அதற்கப்புறம் அவர் எதையும் மறந்ததில்லை.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்தபோது, "அவன் ஆபீஸ் விட்டு வந்து பாத்திரம் தேய்க்கணுமா" என்றார். நான் பதில் சொல்லவில்லை, கணவர்தான் சொன்னார்: "அவளும் ஆபீஸ் விட்டுத்தானம்மா வர்றா." அத்தை இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு எங்கள் இருவருக்கும் தோசை வார்த்துக்கொண்டே, தான் பதினெட்டு வயதில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தும் போகாததைச் சொன்னார். கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது. இவருக்கும் தெரியாது.

2020 மார்ச்சில் ரயில் நின்றது. வீட்டிலிருந்தே வேலை. பயண நேரம் மிச்சமானது, ஆனால் பாளணாகரும் பள்ளியும் மூடின. அக்டோபர் 21 முதல் பெண்களை ரயிலில் அனுமதித்தார்கள். காலை 11 முதல் 3 மணிவரை, அப்புறம் இரவு 7 மணிக்கு மேல். ஒன்பதரைக்கு அலுவலகம் போக வேண்டியவளுக்கு அந்த நேரத்தில் எந்த ரயிலும் உதவாது. அந்த ஒன்றரை வருடத்தில் வேலையை விட்ட என் ரயில் தோழிகள் மூன்று பேர். இருவர் இன்னும் திரும்பவில்லை. எனக்கு 2021இல் பதவி உயர்வு வந்தபோது அவர்களுக்குத்தான் முதலில் சொன்னேன்.

இப்போது என் கீழே பதினான்கு பேர். போன மாதம் சென்னையில் மூன்று வாரம் இருக்க வேண்டிய ஒரு வேலை வந்தது. அதற்குச் சரியான ஆள் யார் என்று எனக்குத் தெரியும். அவள் விடுப்பு முடிந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மதியம் தூக்கம் சொக்கும் கண்ணோடு உட்கார்ந்திருப்பாள். பாவம், எதற்கு அவளை என்று நினைத்து, வேறு ஒருவன் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்பும் பொத்தான்வரை கை போய்விட்டது. ஹைதராபாத் ஞாபகம் வந்தது. எனக்கு இத்தனை நடந்த பிறகும் என் கையே அப்படிப் போகிறதென்றால், நடக்காதவர்களைக் குறை சொல்லி என்ன பயன் என்று தோன்றியது.

அவளைக் கூப்பிட்டு வேலை என்ன, எத்தனை நாள், முடியாது என்றால் அது உன் மதிப்பெண்ணில் வராது என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டேன். ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அடுத்த நாள் காலை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அதில் மூன்று கேள்வி எழுதி வைத்திருந்தாள். மூன்று வாரத்தை இரண்டாகப் பிரிக்கலாமா. குழந்தையையும் அம்மாவையும் கூட்டிப்போனால் தங்குமிடத்தில் அறை பெரிதாகக் கிடைக்குமா. நடுவில் ஒரு சனி ஞாயிறு வந்துபோக டிக்கெட் தருவார்களா.

முதல் இரண்டுக்கு அங்கேயே சரி என்றேன். மூன்றாவதை மாலைக்குள் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.